குட்டி நாயின் முதல் வாக்கிங்: எது நடந்தால் என்ன செய்வது

எங்கள் வீட்டுக் குட்டியின் பெயர் பொரி. நாட்டுக் குட்டிதான். ஐப்பசி மழையில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நனைந்துகொண்டு கிடந்தது, 7 வாரம் இருக்கும் என்று மருத்துவர் பல்லைப் பார்த்துச் சொன்னார். குரோம்பேட்டையில் மாடி வீடு எங்களுடையது, கீழே இறங்கினால் நேராகத் தெருதான், நடைபாதை, பூங்கா என்று எதுவும் கிடையாது. பொங்கல் கழிந்து முதன்முதலாகக் கயிறு கட்டிக் கூட்டிப் போனோம். மொத்தம் 4 நிமிடம். கடந்த தூரம் 11 படிக்கட்டு.

அதற்குப் பிறகு பட்ட பாட்டில் தெரிந்துகொண்டதுதான் இது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்கள் குட்டி எதைச் செய்கிறதோ அந்த இடத்துக்குப் போங்கள். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நாம் அடம் என்று திட்டுவது பெரும்பாலும் பயமாகவோ, களைப்பாகவோ, வெயிலாகவோ, அடக்கி வைத்த மூத்திரமாகவோதான் இருக்கும். கயிற்றை இழுப்பதற்கு முன்னால் இந்த நாலில் எது என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

"இன்னும் தடுப்பூசி முடியவில்லை, வெளியே விடலாமா?"

தரையில் விடாதீர்கள், ஆனால் வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதீர்கள். குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தபேதியும் வரவழைத்து உயிரையே எடுக்கிற பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், நம் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளும் வரும், சாதாரண பினாயிலை நம்ப முடியாது, பிளீச்சிங் கரைசல்தான் அதைக் கொல்லும். முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில், பிறகு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரைக்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஏறக்குறைய 3 மாதத்தில். "ஒரு ஊசி போட்டாச்சே, போதாதா?" என்று என் மாமியார் கேட்டார். போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது, அது எந்த வாரத்தில் குறையும் என்று ஒவ்வொரு குட்டிக்கும் மாறும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்கிற வயது ஏறக்குறைய 3 வாரத்தில் தொடங்கி 12, 14 வாரத்திலேயே முடிந்துபோகிறது. கடைசி ஊசிக்குக் காத்திருந்தால் அந்தக் கதவு சாத்திவிடும். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதுமே குட்டிகளைப் பயிற்சி வகுப்புக்குக் கூட்டி வரலாம் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்கள் சங்கம் 2008-லேயே சொல்லியிருக்கிறது. அது சுத்தமாகக் கழுவி வைத்த தரைக்குச் சரி, தெரு முழுக்க நாய் மலம் கிடக்கிற நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. நாங்கள் செய்தது, தோளில் துண்டு போட்டு அதில் பொரியைத் தூக்கிக்கொண்டு தினம் 10 நிமிடம் தெருமுனையில் நிற்பது. குப்பை வண்டிப் பாட்டு, தண்ணீர் லாரி, ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், மாடு, பள்ளிப் பிள்ளைகள், எல்லாவற்றையும் கைமேல் இருந்தே பார்த்தாள். டீக்கடை அண்ணன் இரண்டாம் நாளே "என்ன, பாப்பாவுக்கு வேடிக்கை காட்டுறீங்களா?" என்றார். ஆமாம், அதேதான்.

கதவைத் தாண்டியதும் உட்கார்ந்துவிடுகிறது, அசையவே மாட்டேன் என்கிறது

இதுதான் எல்லாருக்கும் வருவது. இழுக்காதீர்கள். கழுத்தில் இழுபட்டால் நாய் எதிர்த்திசையில் ஊன்றிக்கொள்ளும், அது உடம்பின் இயல்பு, நீங்கள் எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவு சிலையாகும்.

முதலில் ஒரு சோதனை. அதற்கு ரொம்பப் பிடித்த தின்பண்டத்தை மூக்குக்கு நேரே நீட்டுங்கள். சாப்பிட்டால் கொஞ்சம் தயக்கம்தான், சமாளிக்கலாம். வீட்டில் பறந்து பறந்து தின்கிற அதே துண்டை இங்கே முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, அடிக்கடி கொட்டாவி விடுகிறது, உதட்டை நக்குகிறது, வால் உள்ளே போயிருக்கிறது, கண்ணின் வெள்ளை தெரிகிறது என்றால், பயம் அளவு மீறிவிட்டது. தூக்கிக்கொண்டு நாலு அடி பின்னால் வாருங்கள். எந்த இடத்தில் மறுபடியும் சாப்பிட ஆரம்பிக்கிறதோ அதுதான் இன்றைய எல்லை. அந்த எல்லையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புங்கள். அதுவும் வாக்கிங்தான்.

பொரி தினமும் ஒரே இடத்தில் நின்றாள். கேட்டுக்கு வெளியே வலது பக்கம், மூன்றாவது வீட்டுக்கு முன்னால். மூன்று நாள் அடம் என்று நினைத்து எரிச்சல்பட்டேன், நாலாம் நாள் அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அங்கே மழைநீர் வடிகாலுக்கு ஒரு இரும்பு மூடி இருக்கிறது, ஒரு மூலை ஆடும், பைக் ஏறும்போதெல்லாம் "டொக்" என்று அடிக்கும். எனக்கு அந்தச் சத்தம் பத்து வருடமாகக் காதில் விழுவதே இல்லை. அவளுக்கோ ஒரு முழம் தூரத்தில் தரையே குரைக்கிற மாதிரி. மூடியிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்தோம், பைக் ஏறி "டொக்" கேட்ட உடனே ஒரு துண்டு ஈரல், கேட்காவிட்டால் ஒன்றும் கிடையாது. வரிசை முக்கியம், சத்தம் முதலில், ஈரல் பின்னால். ஐந்தாம் நாள் "டொக்" கேட்டதும் மூடியைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டடி நெருங்கினோம்.

சில குட்டிகளுக்குத் தெருவே பிரச்சினையாக இருக்காது, நெஞ்சைச் சுற்றிக் கட்டிய வார்ப்பட்டை, அதாவது ஹார்னஸ்தான் பிடிக்காது. ஹார்னஸைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வீட்டுக்குள்ளேயே நாலைந்து நாள் மாட்டிவிடுங்கள், அதன் பிறகு கயிறு. எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாக்கினால் எது பயமுறுத்தியது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

கயிற்றையே கடித்துத் தொங்குகிறது

4 மாதக் குட்டி என்றால் பல் முளைக்கிறது. 28 பால் பல்லும் விழுந்து 42 பல் முளைக்க 6, 7 மாதம் ஆகிவிடும், அதுவரை எதையாவது மெல்லத்தான் செய்யும். வாயில் கவ்விக்கொள்ள ஒரு முடிச்சுத் துணியைக் கொடுத்துவிட்டு நடங்கள். நீங்கள் கயிற்றைப் பிடுங்க ஆரம்பித்தால் அது இழுவிளையாட்டு ஆகிவிடும், குட்டிக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. வாக்கிங்கின் கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும் இந்த வெறி வருகிறதென்றால் களைத்துவிட்டது, நாளைக்கு அந்த ஐந்து நிமிடத்தைக் குறையுங்கள். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும், தூக்கம் கெட்ட குட்டியும் தூக்கம் கெட்ட குழந்தையும் ஒன்றுதான்.

இழுத்துக்கொண்டு ஓடுகிறது

கயிறு இறுகியதும் நில்லுங்கள். பேச வேண்டாம், திட்ட வேண்டாம். திரும்பிப் பார்த்துக் கயிறு தொய்ந்ததும் நடங்கள். முதல் வாரம் ஒரு வீட்டைக் கடக்கக் கால் மணி நேரம் ஆகும், அக்கம்பக்கத்தார் பால்கனியிலிருந்து பார்ப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் நின்று இன்னொருவர் இழுத்த பக்கமே ஓடினால் இது வேலைக்கு ஆகாது. எங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் என் மகன்.

கயிறு 5, 6 அடி போதும். பட்டனை அழுத்தினால் நீளுகிற வகை நம் தெருவுக்கு ஆபத்து, ஆட்டோ வருகிற நேரத்தில் குட்டி பதினைந்தடி தள்ளி நிற்கும். கழுத்துப் பட்டையில் கட்டி இழுத்தால் இருமல் வரும், நெஞ்சைச் சுற்றி வருகிற ஹார்னஸ் நல்லது. அப்புறம், முகர விடுங்கள். ஒரு மின்கம்பத்தில் இரண்டு நிமிடம் நின்றால் நமக்கு நேரம் வீண், அதற்கு அன்றைய செய்தித்தாள்.

கன்னி, சிப்பிப்பாறை மாதிரி வேட்டை இனக் குட்டி என்றால், பூனையோ அணிலோ ஓடும்போது எந்தப் பயிற்சியும் காதில் ஏறாது, ஓடுவதைப் பார்த்துத் துரத்தத்தான் அந்த இனத்தையே வளர்த்தார்கள். கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிக்காமல், கைப்பிடிக்குள் மணிக்கட்டை நுழைத்துப் பிடியுங்கள்.

வெளியே அரை மணி நேரம் சுற்றியும் போகாமல், வீட்டுக்குள் வந்ததும் மூத்திரம் போகிறது

தலையில் அடித்துக்கொள்ள வைக்கும் விஷயம் இது. வேண்டுமென்றே செய்வதாகத் தோன்றும். அது செய்வது என்னவென்றால், வெளியே பார்க்கவும் கேட்கவும் முகரவும் இவ்வளவு இருக்கும்போது அடக்கிக்கொள்கிறது, வீட்டுக்கு வந்து பயம் தெளிந்ததும் தளர்கிறது. இரண்டாவது காரணம் நாமே: வெளியே மூத்திரம் போன மறு நிமிடமே "சரி, வேலை முடிஞ்சுது" என்று வீட்டுக்குத் திரும்பினால், போனால் வேடிக்கை முடிந்துவிடும் என்று கற்றுக்கொள்கிறது. மூன்றாவது, பேப்பரிலும் டைல்ஸிலும் பழகிய குட்டிக்கு மண் என்பது மூத்திரம் போகிற இடம் என்றே தெரியாது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பத்து இருபது நிமிடத்திலும், விளையாடி முடித்ததும், நேராக ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள். நடக்க வேண்டாம், கயிற்றைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நில்லுங்கள், மொபைலைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் பரவாயில்லை. போனால் அந்த நொடியிலேயே ஒரு துண்டு தின்பண்டம், அதற்குப் பிறகுதான் வாக்கிங். பத்து நிமிடம் நின்றும் போகவில்லையா, வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கி விடாமல் மடியிலேயே வைத்திருந்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே இடம். பொரிக்குப் பேப்பர்ப் பழக்கம் இருந்ததால், அவள் ஈரமாக்கிய பேப்பர்த் துண்டையே எடுத்துப்போய்க் காலி மனையில் வைத்தேன், மூன்று நாளில் பேப்பர் இல்லாமலே போனாள்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வயது மாதத்தோடு ஒன்று கூட்டினால் அத்தனை மணி நேரம், அதுவும் சும்மா இருக்கும்போது. 3 மாதக் குட்டியை 8 மணி நேரம் பூட்டிவிட்டுப் போய், வந்து அதன் மூக்கைத் தரையில் தேய்த்தால் அது கற்றுக்கொள்வது உங்கள் கையைப் பார்த்துப் பயப்படுவதை மட்டும்தான். வீட்டுக்குள் போன இடத்தைப் பினாயிலால் துடைத்தால் நம் மூக்குக்குப் போய்விடும், அதன் மூக்குக்குப் போகாது, தவிர ஈரத்தில் மிதித்த பாதத்தை நக்கினால் உடம்புக்கும் ஆகாது. செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் திரவத்தால் துடையுங்கள்.

துளித்துளியாக, அடிக்கடி, முனகிக்கொண்டு போகிறதென்றால் இது பழக்கப் பிரச்சினை கிடையாது, மருத்துவரிடம் காட்டுங்கள். ஆள் வந்ததும் தாழ்ந்து படுத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் போவது பணிவின் அடையாளம், திட்டினால் கூடும், கண்டுகொள்ளாமல் விட்டால் வளர வளரத் தானாக நின்றுவிடும்.

தெரு நாய்கள் சூழ்ந்துகொள்கின்றன

ஓடாதீர்கள், கத்தாதீர்கள், கல்லுக்குக் குனிந்தாலும் கூட்டம் இன்னும் குரைக்கும். நின்று, குட்டியை உங்கள் காலுக்குப் பின்னால் கொண்டுவந்து, பக்கவாட்டில் மெதுவாக விலகுங்கள். சின்னக் குட்டி என்றால் கூட்டம் நெருங்குவதற்கு முன்பே நிதானமாகத் தூக்கிக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் எப்போதும் நாலு பொறை வைத்திருக்கிறேன், தூரமாக வீசினால் நாய்கள் அந்தப் பக்கம் போகும், நமக்கு அரை நிமிடம் கிடைக்கும்.

இதற்கு உண்மையான வேலை முன்கூட்டியே செய்ய வேண்டும். நாய்களுக்குத் தெருவில் எல்லை உண்டு, டீக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம், இந்தப் பக்கம் ஒரு கூட்டம். முதல் மாதம் உங்கள் தெருக் கூட்டத்தின் எல்லைக்குள் மட்டும் நடங்கள். குட்டி இல்லாமல் தனியாகப் போய் அவற்றோடு பழகுங்கள். எங்கள் தெருவின் மூத்தவள் ஒரு செம்பட்டை நாய், காது நுனியில் வெட்டு இருக்கும், அதாவது கருத்தடை செய்து, அப்போது வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டுவிட்ட நாய். அவள் இரண்டு வாரம் பொரியைத் தூரத்திலிருந்தே பார்த்தாள், ஒருநாள் வந்து பின்பக்கம் முகர்ந்தாள், பொரி மல்லாந்து வயிற்றைக் காட்டினாள், அவ்வளவுதான், மற்ற மூன்றும் அதற்கப்புறம் குரைக்கவில்லை. அந்த நேரத்தில் கயிற்றைத் தொய்வாக விட்டதுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம், இறுக்கிப் பிடித்திருந்தால் நம் பதற்றம் அதன் வழியாகவே இறங்கும்.

கடித்துவிட்டால், உங்களையோ குட்டியையோ, தாமதிக்கக் கூடாது. மனிதருக்கு என்றால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்கு. மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். "குட்டிதானே கீறிச்சு" என்பதும் செல்லாது, ஊசி போடாத குட்டியின் பல் தோலைக் கிழித்தாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிறது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவெங்கும் பிரியாணிப் பொட்டலம். வாய்க்குள் விரலைவிட்டுப் பிடுங்கினால் அடுத்த தடவை வேகமாக விழுங்கும். வீட்டுக்குள் மாற்று வியாபாரம் பழக்குங்கள்: வாயில் பொம்மை இருக்கும்போது மூக்கருகே அதைவிட நல்ல துண்டு, "விடு" என்று ஒரே ஒரு தடவை, விட்டதும் துண்டு, பொம்மையும் திரும்பக் கிடைக்கும். தினம் பத்துத் தடவை, இரண்டு வாரம். வெந்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். எலிமருந்து தின்றதாகச் சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே விஷமாகும், மருந்துப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

கூப்பிட்டால் வருவதில்லை, "உட்காரு" என்றால் முழிக்கிறது

வீட்டில் எத்தனை பேர் எத்தனை மாதிரி சொல்கிறீர்கள் என்று எண்ணுங்கள். நான் "உட்காரு", என் மகன் "சிட்", மாமியார் "உக்காருடி தங்கம்", கணவர் வெறும் "ம்ம்". நாய்க்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, ஒரே சத்தம் ஒரே செயலோடு வந்தால் பிடித்துக்கொள்ளும். ஃபிரிட்ஜில் ஒரு பேப்பர் ஒட்டினோம்: உட்காரு, வா, விடு, இரு. நாலே வார்த்தை.

உட்காரக் கற்றுக்கொடுக்க முதுகை அமுக்க வேண்டாம். உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டை, சுண்டுவிரல் நகத்தளவு போதும், மூக்குக்கு மேலே தூக்கிப் பின்பக்கமாக நகர்த்துங்கள், தலை மேலே போனால் பின்பக்கம் தானாக இறங்கும், இறங்கிய அந்த நொடியில் துண்டு வாய்க்குள். மூன்று நொடி தாமதித்தால் அது மறுபடி எழுந்ததற்குக் கூலி ஆகிவிடும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், சாப்பாட்டுக்கு முன்னால்.

"வா" என்பதைக் குளிப்பாட்டவும் மாத்திரை கொடுக்கவும் வாக்கிங்கை முடிக்கவும் பயன்படுத்தினால் அந்த வார்த்தை செத்துப்போகும், அதற்கெல்லாம் நீங்களே போய்த் தூக்கிக்கொள்ளுங்கள். ராஜபாளையம் குட்டி, அதுவும் முழு வெள்ளை, கண் நீலம் என்றால், அடம் என்று முடிவு கட்டுவதற்கு முன் அது தூங்கும்போது பின்னால் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். வெள்ளை நிறத்தோடு பிறவிக் காது கேளாமை சேர்ந்து வருவதுண்டு, அப்படி இருந்தால் கைச் சைகையில் எல்லாவற்றையும் பழக்கலாம்.

பாதி வழியில் படுத்துவிடுகிறது

பங்குனி தொடங்கிவிட்டால் முதலில் தரையைத் தொட்டுப் பாருங்கள். புறங்கையை 7 நொடி தார்ச்சாலையில் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் வேகும். சூரியன் மறைந்த பிறகும் தார் சூடு பிடித்து வைத்திருக்கும். நாங்கள் காலை 6 மணிக்கு முன், இரவு 8-க்கு மேல். நிற்காமல் இரைக்கிறது, எச்சில் பசை மாதிரி ஒழுகுகிறது, ஈறு சிவந்துவிட்டது, தள்ளாடுகிறது என்றால் வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டபடியே மருத்துவரிடம் ஓடுங்கள்.

வெயிலும் இல்லை, தூரமும் இல்லை, ஆனாலும் சோர்கிறது, சாப்பாடு குறைந்துவிட்டது, ஈறு வெளிறியிருக்கிறது என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை தேவை. தினமும் வாக்கிங் முடிந்ததும் காதுக்குள், விரலிடுக்கில், பட்டைக்கு அடியில் பார்த்து, உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவாதீர்கள், மாட்டுக்கு அடிக்கிற மருந்தும் வேண்டாம், குட்டியின் எடைக்கு ஏற்றதை மருத்துவர் எழுதித் தருவார்.

எல்லாம் நன்றாகப் போனது, 7-வது மாதத்தில் எல்லாம் மறந்துவிட்டது

மறக்கவில்லை, விடலைப் பருவம். பொரிக்கு இப்போது அதுதான் நடக்கிறது. போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் வடிகால் மூடிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் பத்தடி தள்ளி, மறுபடியும் ஈரல். இந்தத் தடவை மூன்றே நாள்தான் ஆனது, நேற்று மூடி மேலேயே ஏறி நின்று, அதன் ஓட்டை வழியாக உள்ளே எலி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள், கூப்பிட்டால் வரவில்லை.